ஆறு நிமிடத்துக்கு ஒரு விலை

அரியாங்குப்பம் பாலத்துக்கு இப்பால்
சாலையில் ஒரு தடத்தை மட்டும் பிரித்து
பச்சைக் கம்பம் நட்டிருக்கிறார்கள்.
தலைக்குமேல் ஒரு பலகை
ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கண்சிமிட்டி
புது விலை சொல்லும்.
காலை ஏழுக்கு இருபது ரூபாய்.
எட்டு நாற்பதுக்குத் தொண்ணூறு.
பள்ளிக்கூட மணி அடித்தபின் முப்பத்தைந்து.
மீன் விலை மாதிரி, என்றேன் முதல்நாள்.
மேலாளர் சிரிக்கவில்லை.

அட்டை படிக்காத வண்டிகளிடம்
கையால் காசு வாங்குவது என் வேலை.
'உங்கப்பன் போட்ட ரோடா?' என்றார் ஒருவர்.
'இல்லீங்க, எங்கப்பா எலக்ட்ரீசியன்.'

பலகைக்கு நூறடி முன்னால்
ஓரங்கட்டி நிற்கும் கார்கள்,
தொண்ணூறு அறுபதாகட்டும் என்று.
புதுச்சேரியில் பெட்ரோல் போட்டு மிச்சம் பிடித்ததை
ஏசியை அணைக்காமல் எரித்துக்கொண்டு.
அவர்களை நம்பி டீ கேனோடு வந்தார் கலியமூர்த்தி.
டீ பத்து ரூபாய்.
பலகை நூறைத் தொட்டால் பன்னிரண்டு.
கேட்டால்,
'நெரிசல் நேரம்மா.'

காசில்லாத் தடத்தில்
கடலூர் தனியார் பஸ் நகராமல் நிற்கிறது.
படியில் மட்டும் ஏழு பேர்.
தொகை கட்டினால் பஸ்ஸும் இந்தப் பக்கம் வரலாம்.
முதலாளி கட்டமாட்டார்.
ஒரு காருக்கு ஒரு தலை வீதம்
கம்பத்தைத் தாண்டிப் போவதை
அந்த ஜன்னல்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்.

ரசீதின் அடியில் பொடி எழுத்தில்
'இத்தொகை பொதுப் பேருந்து நிதிக்கு.'
டிப்போவில் இருக்கும் தாண்டவராயனைக் கேட்டேன்,
பஸ்ஸில் எது எது என்ன விலை?
'என்னம்மா, பஸ் கம்பெனி ஆரம்பிக்கிறியா?'
என்றாலும் சொன்னார்.
அன்றிலிருந்து என் கூண்டில் விழுந்த காசுக்கு மட்டும்
ஒரு நோட்டு.

திங்கள்: வைப்பர் இரண்டும்.
செவ்வாய்: ஹாரன், பக்கக் கண்ணாடி.
புதன் தொடங்கி அடுத்த புதன் வரை ஒரே ஒரு டயர்.
வெள்ளிக்கிழமை சுழல் விளக்கு வைத்த பன்னிரண்டு வண்டிகள்
சல்யூட் வாங்கிக்கொண்டு போயின.
ஒரு ஸ்குரூகூடத் தேறவில்லை.

குட்டி யானையில் ஐஸ் ஏற்றிக்கொண்டு
கடலூர் துறைமுகம் போகும் லூர்துநாதன்
தினமும் தொண்ணூறு கட்டுவார், திட்டிக்கொண்டே.
'அந்தப் பக்கம் நின்னா ஐஸ் கரைஞ்சு முந்நூறு போவும்.
இந்தப் பக்கம் வந்தா நீ கரைக்கிற.'
அவர் நோட்டு எப்போதும் ஈரம்.
அதை எந்தப் பாகத்தில் எழுதுவது என்று தெரியாமல்
பக்கத்தின் ஓரத்தில் தனியாக எழுதிவைத்தேன்.
இன்னும் கூட்டவில்லை.

ஏழு மாதம் கழித்து வந்தன பஸ்கள்.
பன்னிரண்டு என்றார்கள், வந்தது நாலு.
முதல் பஸ் எட்டு நாற்பதுக்கு
தொண்ணூறு ரூபாய்ப் பலகையின் கீழே
காசு கட்டாமல், எழுபது தலையோடு போனது.
ஓரத்தில் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன.
வாழ்த்தா, வயிற்றெரிச்சலா,
கலியமூர்த்திக்கும் தெரியவில்லை.
அன்றைக்கு மூன்று கார்க்காரர்கள்
டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்களாம்.

நேற்று ராத்திரி கடைசி பஸ்.
ஒன்பது ஐம்பது, நல்ல மழை.
கிருமாம்பாக்கத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு
டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.
பலகை அணைந்து கிடந்தது,
பூச்சியம்கூடக் காட்டாமல்.
தவளக்குப்பம் தாண்டும்போது
இடது வைப்பர் பாதியில் நின்றுவிட்டது.
டிரைவர் கண்ணாடியை உள்ளேயிருந்து தட்டினார்.
மறுபடி தட்டினார்.
'புது வண்டி, அதுக்குள்ள பாருங்க' என்றார் யாரோ.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அது என் திங்கட்கிழமை.